“எனக்கென்று எழுத எதுவுமே இல்லையா, டாக்டர்?”

எழுதியிருப்பவர் டெல்டா பகுதியில் ஒரு சிற்றூரில் வசிக்கும் 74 வயது அம்மா. நீளமான கடிதம். ஊர், பெயர் எல்லாவற்றையும் எடுத்துவிட்டுச் சாரத்தை மட்டும் தருகிறேன்.

1968-இல் பழைய பதினோராம் வகுப்பு எஸ்.எஸ்.எல்.சி. தேறியவர். டீச்சர் டிரெயினிங் போக ஆசைப்பட்டார், வீட்டில் அனுப்பவில்லை. 1971-இல் கல்யாணம். கணவர் கூட்டுறவுச் சங்கத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். இரண்டு வருடத்துக்கு முன் இதயத்தில் ஸ்டென்ட் வைத்திருக்கிறார்கள். இரண்டு மகன்கள், ஒரு மகள். கணவருக்கு 80 பூர்த்தியாகப் போகிறது. திருக்கடையூரில் சதாபிஷேகம் செய்யப் பிள்ளைகள் நாள் குறித்துவிட்டார்கள். விழாவுக்கென்று ஒரு வீடியோ, ஒரு சிறிய நினைவு மலர்ப் புத்தகம். கல்லூரியில் படிக்கும் பேத்தி ஒரு நோட்டைக் கொடுத்து, “தாத்தாவோடது ரெடி. உங்க வாழ்க்கையில முக்கியமான பத்து விஷயம் எழுதிக் குடுங்க பாட்டி” என்றிருக்கிறாள். இவரும் எழுதினார். கணவருக்கு வேலை நிரந்தரமானது, வீடு கட்டியது, பெரியவன் இன்ஜினியர் ஆனது, மகள் கல்யாணம், பேரன் பிறந்தது என்று பத்தும் நிரம்பிவிட்டது. பேத்தி படித்துவிட்டுக் கேட்டாள்: “இதெல்லாம் மத்தவங்களோடது பாட்டி. உங்களோடது எது?”

அன்றிலிருந்து தூக்கம் கெட்டுவிட்டது. நோட்டை எடுத்து உட்கார்ந்தால் ஒரே ஒரு நினைவுதான் வருகிறது. 1972-இல் இவருக்கு முதலில் பிறந்தது ஒரு பெண் குழந்தை. 1973 மே மாதம், பத்து மாதம் ஆகியிருந்தபோது, வயிற்றுப்போக்கில் இறந்துபோனது. “வயிறு போகும்போது தண்ணி குடுத்தா இன்னும் போகும்” என்று மாமியாரும் கம்பவுண்டரும் சொன்னதால் தண்ணீர் கொடுக்கவில்லை. “டம்ளரையே பார்த்துக்கொண்டிருந்தாள் டாக்டர். ஈரத்துணியால் உதட்டைத் துடைத்துவிட்டேன், அவ்வளவுதான் செய்தேன்” என்று எழுதியிருக்கிறார். அடக்கம் செய்யக் கணவரும் அவருடைய சித்தப்பாவும் தூக்கிக்கொண்டு போனார்கள். எந்த இடம் என்று இவருக்குத் தெரியாது. அதற்குப் பிறகு வீட்டில் யாரும் அந்தப் பேச்சையே எடுக்கவில்லை. தங்களுக்கு முன்னால் ஓர் அக்கா பிறந்தாள் என்பது பிள்ளைகளுக்கு இன்றுவரை தெரியாது.

அம்மா அடிக்கடி கண் கலங்குவதைப் பார்த்து மகள், “பழசையே நினைக்காதேம்மா, டிவியப் பாரு” என்கிறாள். சின்ன மகன் மெடிக்கல் ஷாப்பில் சொல்லித் தூக்க மாத்திரை வாங்கிக் கொடுத்திருக்கிறார். நாலைந்து நாள் போட்டதில் காலையில் தலை சுற்றி, குளியலறையில் தடுமாறியிருக்கிறார். நாத்தனார், “பழசெல்லாம் கண்ணு முன்னால வந்தா காலம் கிட்ட வந்துடுச்சுன்னு அர்த்தம்” என்று சொல்லிவிட்டார்.

அவருடைய கேள்விகள் இவை. கண்ணாடியை எங்கே வைத்தேன் என்பது மறந்துபோகிறது, 50 வருடத்துக்கு முந்தியது மட்டும் தெளிவாக இருக்கிறது. இது மறதி நோயின் ஆரம்பமா? என் வாழ்க்கையில் சொல்லும்படி எதுவுமே நடக்கவில்லையா? குழந்தையைப் பற்றி இப்போது சொன்னால் சுப காரியத்துக்குக் குறை வருமா, அவருடைய இதயம் தாங்குமா? பேசாமல் மாத்திரையைப் போட்டுக்கொண்டு விழா முடியும்வரை இருந்துவிடலாமா?

அம்மா, வணக்கம்.

மாத்திரையைப் பற்றி விவரமாகக் கடைசியில் சொல்கிறேன். அதற்குள் ஒன்று மட்டும்: இன்றிரவு அதைப் போட வேண்டாம். இடுப்பெலும்பு முறிந்துவிட்டால் சதாபிஷேகத்துக்கு நீங்கள் சக்கர நாற்காலியில்தான் போக வேண்டியிருக்கும்.

நினைவுகள் ஏன் இப்போது வருகின்றன

வயதானவர்கள் பழைய கதையையே பேசுவது மூளை தளர்ந்துபோனதன் அடையாளம் என்று ஒரு காலத்தில் மருத்துவர்களே நினைத்தார்கள். 1963-இல் ராபர்ட் பட்லர் என்ற அமெரிக்க மனநல மருத்துவர் அதை மறுத்து எழுதினார். முதுமையில் மனம் தன் வாழ்க்கையைத் திரும்ப எடுத்துப் பார்ப்பது இயல்பானது, எல்லோருக்கும் நடப்பது, அதில் ஒரு வேலை நடக்கிறது என்றார். முடியாமல் விட்ட விஷயங்கள், மனசுக்குள் ஆறாமல் கிடந்தவை, இவைதான் முதலில் மேலே வரும். அவர் இன்னொன்றையும் மறைக்காமல் சொன்னார். இப்படித் திரும்பிப் பார்ப்பதில் சிலருக்கு நிம்மதி கிடைக்கும், சிலருக்குக் குற்ற உணர்ச்சியும் மனச்சோர்வும் வரும். இரண்டும் ஒரே ஆளுக்கு வருவதும் உண்டு. உங்களுக்கு இப்போது நடந்துகொண்டிருப்பது இந்த வேலைதான்.

உங்கள் நாத்தனார் சொன்னதில் கால்வாசி உண்மை இருக்கிறது. இனி இருக்கும் வருடங்கள் குறைவு என்ற உணர்வுதான் இந்தத் திரும்பிப் பார்த்தலைத் தூண்டுகிறது என்று பட்லரும் சொன்னார். ஆனால் நினைவு வருவது சகுனமாகாது. இப்படி நினைத்துப் பார்த்துவிட்டு இருபது வருடம் நன்றாக வாழ்பவர்கள் இருக்கிறார்கள். உங்களுக்குத் தூண்டுதல் பேத்தியின் கேள்வி, வேறெதுவும் இல்லை.

அதெப்படி இருபத்தோரு வயதில் நடந்தது மட்டும் இவ்வளவு தெளிவாக இருக்கிறது என்று கேட்கிறீர்கள். நடு வயதைத் தாண்டியவர்களிடம் வாழ்க்கை நினைவுகளைச் சொல்லச் சொன்னால், சுமார் 10 முதல் 30 வயதுக்குள் நடந்தவைதான் மிக அதிகமாக வரும். ஆராய்ச்சிகளில் திரும்பத் திரும்பக் கண்டது இது. வாழ்க்கையின் ‘முதல் முறை’கள் எல்லாம் அந்த வயதில்தான் நடக்கின்றன. உங்கள் தலைமுறைப் பெண்களுக்கு இன்னும் நெருக்கமாக நடந்தன: பள்ளிக்கூடம் முடிந்தது, புது ஊர், புது வீடு, தாலி, கர்ப்பம், குழந்தை எல்லாமே நாலைந்து வருடத்துக்குள். அந்தக் குழந்தை உங்கள் நினைவின் மிக ஆழமான இடத்தில் பதிந்திருக்கிறாள்.

மறதி நோயைப் பற்றி ஒரு தவறான நம்பிக்கை ஊரில் இருக்கிறது. “பழசெல்லாம் ஞாபகம் இருக்கே, அப்போ மறதி நோய் இல்லை” என்பார்கள். அப்படி இல்லை. அல்சைமர் நோயின் ஆரம்பத்தில் பழைய நினைவுகள் பெரும்பாலும் அப்படியே இருக்கும்; நேற்று நடந்ததுதான் தங்காமல் போகும். அதனால் நாம் பார்க்க வேண்டியது வேறு. பால்காரருக்கு ஒரே மாதத்தில் இரண்டு தடவை பணம் கொடுப்பது, தினமும் போகும் தெருவில் வழி தெரியாமல் நிற்பது, ஐம்பது வருடமாக வைத்த சாம்பாரில் எதற்குப் பிறகு எது என்று குழம்புவது, ஒரே கேள்வியைச் சற்று நேரத்துக்குள் மறுபடி மறுபடி கேட்பது. இப்படி ஏதாவது இருந்தால் பரிசோதனை அவசியம். கண்ணாடியைத் தேடுவது மட்டும் என்றால், அதுவும் சரியாகத் தூங்காத ஒருவருக்கு, நான் கவலைப்பட மாட்டேன். இத்தனை பக்கத்தை வருடம் மாறாமல், சம்பவம் குழம்பாமல் எழுதியிருக்கிறீர்கள் என்பதையும் சேர்த்துத்தான் சொல்கிறேன். ஆனாலும் இந்த வயதில் தைராய்டு, பி12, சர்க்கரை, காது கேட்கும் திறன் இவற்றை ஒரு முறை பார்த்துவிடுவது நல்லது. மறதி போலத் தெரிவதில் ஒரு பங்கு இவற்றால் வருவது, சரிசெய்யக் கூடியது.

உங்களுக்கு ஏன் பட்டியல் கிடைக்கவில்லை

பேத்தி கேட்ட கேள்வி நல்ல கேள்வி. அதற்குப் பதில் வராததற்கு உங்கள் வாழ்க்கை வெறுமையாக இருந்தது காரணமில்லை. நம் வீடுகளில் எதை மைல்கல் என்று எண்ணுகிறோம் என்பதைக் கொஞ்சம் பாருங்கள்.

ஆயிரம் பிறை கண்டவர் என்பதுதான் சதாபிஷேகத்தின் கணக்கு. ஒரு பௌர்ணமிக்கும் அடுத்ததற்கும் 29 நாள், 12 மணி நேரத்துக்கு மேல் ஆகிறது. ஆயிரம் என்றால் 80 வயதும் ஏறக்குறைய 10 மாதமும். அறுபதாம் கல்யாணம், எழுபதில் பீமரத சாந்தி, எண்பதில் சதாபிஷேகம் என்று எல்லாமே கணவருடைய வயதை வைத்துத்தான் வருகின்றன. மனைவிக்கு மறுபடி தாலி கட்டுகிறார்கள், மாலை போடுகிறார்கள், சரி. ஆனால் அவள் அறுபதைத் தொட்டதற்கோ எண்பதைத் தொட்டதற்கோ சடங்கு கிடையாது. பெண்ணுக்கென்று ஊர் கூடிச் செய்தவை மஞ்சள் நீராட்டு, கல்யாணம், வளைகாப்பு. உங்கள் தலைமுறையில் இவை எல்லாம் 25 வயதுக்குள் முடிந்துவிட்டன. அதற்கப்புறம் ஐம்பது வருடத்தில் உங்கள் பெயரைச் சொல்லி யாரும் எதையும் கொண்டாடியதில்லை. கொண்டாடாததை மனம் மைல்கல் என்று குறித்து வைப்பதில்லை. பத்தையும் நீங்கள் மற்றவர்களுடையதாக எழுதியதில் எனக்கு ஆச்சரியமே இல்லை.

ஆனால் உங்கள் கடிதத்தை நான் இரண்டாவது தடவை படித்தபோது, நீங்கள் போகிற போக்கில் எழுதிவிட்டுப் போன சில வரிகளின் கீழே கோடு போட்டேன். மகளைத் திருச்சியில் ஹாஸ்டலில் சேர்க்க மாமியார் ஒப்பவில்லை என்பதால் இரண்டு நாள் சாப்பிடாமல் இருந்தீர்கள். “அப்புறம் சேர்த்துவிட்டார்கள்” என்று முடித்துவிட்டீர்கள். யார் சேர்த்தது? டீச்சர் டிரெயினிங் போக முடியாத ஒரு பெண், தன் மகள் போவதற்காகப் பட்டினி கிடந்திருக்கிறாள். பேத்தியின் நோட்டில் நீங்கள் எழுதியிருப்பது “மகள் டிகிரி முடித்தாள்.” பெரியவனுக்கு இன்ஜினியரிங் கல்லூரிப் பணம் கட்ட வளையலை அடகு வைத்ததும் அப்படித்தான், “பெரியவன் இன்ஜினியர் ஆனான்” என்று ஆகிவிட்டது.

எழுதிய பத்தையும் அடிக்காதீர்கள். ஒவ்வொன்றின் கீழும் “இதில் நான் என்ன செய்தேன்?” என்று கேட்டு ஒரு வரி சேருங்கள். வரிசையாக, வருடப்படி வர வேண்டும் என்ற கட்டாயம் இல்லை. பரணில் இருக்கும் டிரங்குப் பெட்டி, பழைய ரேஷன் கார்டு, அடகிலிருந்து மீண்ட அந்த வளையல் என்று ஏதாவது ஒன்றை மடியில் வைத்துக்கொண்டு பேச ஆரம்பியுங்கள். பேத்தி போனில் பதிவு செய்துகொள்ளட்டும். கை வலிக்க எழுதுவதைவிட அது சுலபம். கனடாவில் ஹார்வி சோச்சினாவ் என்ற மனநல மருத்துவர், இறுதிக் காலத்தில் இருக்கும் நோயாளிகளிடம் அவர்கள் வாழ்க்கையைக் கேட்டுப் பதிவு செய்து, எழுத்தாக்கி, அவர்களிடமே படித்துக் காட்டித் திருத்தி, குடும்பத்துக்குக் கொடுக்கும் ஒரு முறையை உருவாக்கினார். நீங்கள் அந்த நிலையில் இல்லை. ஆனால் அவர் கேட்கும் கேள்விகளில் ஒன்று உங்களுக்கும் பொருந்தும்: “மிகவும் உயிர்ப்போடு இருந்ததாக நீங்கள் உணர்ந்த காலம் எது?” பேத்தியை அதைக் கேட்கச் சொல்லுங்கள். திருத்தும் உரிமை உங்களிடம் இருக்கிறது என்பதையும் மறக்க வேண்டாம். மாமியாரைப் பற்றிய கோபம் எழுத்தில் வந்து, அது உங்கள் கணவரைப் புண்படுத்தும் என்று தோன்றினால், மலரில் போடாமல் உங்களுக்கென்று தனியாக வைத்துக்கொள்ளலாம்.

கோடு போட்ட மூன்றாவது வரியை வேண்டுமென்றே தள்ளி வைத்திருக்கிறேன். அது குழந்தையோடு சேர்ந்தது.

அந்தத் தண்ணீர்

“நான் தண்ணீர் கொடுத்திருந்தால் பிழைத்திருப்பாளா?” என்று மூன்று இடத்தில் கேட்டிருக்கிறீர்கள். சமாதானம் சொல்வதற்காக உண்மையை மாற்றிச் சொல்ல மாட்டேன். வயிற்றுப்போக்கில் குழந்தைகள் இறப்பது பெரும்பாலும் உடம்பில் நீரும் உப்பும் வற்றுவதால்தான். சரியான அளவில் உப்பும் சர்க்கரையும் கலந்த நீரை ஆரம்பத்திலிருந்தே கொடுத்திருந்தால் பிழைத்திருக்க வாய்ப்பு உண்டு. வெறும் தண்ணீர் மட்டும் போதியிருக்குமா என்று யாராலும் சொல்ல முடியாது.

ஆனால் இந்த அறிவு 1973 மே மாதத்தில் எங்கே இருந்தது? 1971-இல், வங்கதேசப் போரின்போது, மேற்கு வங்கத்தில் போன்கான் என்ற ஊரின் அகதி முகாமில் காலரா பரவியது. நரம்பில் ஏற்றும் சலைன் தீர்ந்துபோனது. டாக்டர் திலீப் மகலனாபிஸ் என்பவர் வேறு வழியில்லாமல் உப்பு, குளுக்கோஸ், சோடா உப்பு கலந்த நீரை டிரம்களில் வைத்து, நோயாளிகளின் சொந்தக்காரர்களையே எடுத்துப் புகட்டச் சொன்னார். அங்கே இறப்பு விகிதம் சுமார் 30 சதவீதத்திலிருந்து 4 சதவீதத்துக்கும் கீழே வந்தது. அதற்குப் பிறகும் மருத்துவ உலகம் உடனே நம்பவில்லை. வாயால் குடிக்கும் நீர் சலைனுக்கு ஈடாகுமா என்ற சந்தேகம் பல டாக்டர்களுக்கு இருந்தது. உலக சுகாதார நிறுவனம் இதை நாடு நாடாக எடுத்துப்போகும் திட்டத்தைத் தொடங்கியது 1978-இல். வயிறு போகும்போது ஆகாரத்தை நிறுத்தி வயிற்றுக்கு ஓய்வு கொடுக்க வேண்டும் என்பதைப் படித்த டாக்டர்களே அதுவரை சொல்லிக்கொண்டிருந்தார்கள். உங்கள் ஊர்க் கம்பவுண்டருக்குத் தெரிந்திருக்க வழியில்லை. மாமியாருக்கும் இல்லை. இருபத்தோரு வயதுப் பெண்ணான உங்களுக்கு எப்படித் தெரிந்திருக்கும்?

1971-இல் இந்தியாவில் உயிரோடு பிறந்த 1000 குழந்தைகளில் 129 குழந்தைகள் முதல் பிறந்தநாளுக்கு முன் இறந்தன. எட்டில் ஒன்று. உங்கள் தெருவிலேயே இன்னும் சில தாய்மார்கள் இதைச் சுமந்திருப்பார்கள், யாரும் வாய் திறந்திருக்க மாட்டார்கள். இந்த எண்ணைக் கேட்டதும் உங்கள் மனம் ஆறிவிடும் என்று நான் நினைக்கவில்லை. “எல்லார் வீட்டிலும் நடந்தது” என்பதால் உங்கள் குழந்தை உங்களுக்குக் குறைந்துவிடப் போவதில்லை. ஆனால் உங்களை நீங்களே குற்றவாளிக் கூண்டில் நிறுத்தி 52 வருடம் ஆகிறது. இன்றைக்கு நாம் அறிந்ததை வைத்து அன்றைய பெண்ணுக்குத் தீர்ப்பு சொல்லிக்கொண்டிருக்கிறீர்கள். அது நியாயமில்லை, அம்மா.

இப்போது அந்த மூன்றாவது வரி. கடிதத்தின் எட்டாம் பக்கத்தில், வேறு ஏதோ சொல்ல வந்த இடத்தில், எண்பதுகளில் ரேடியோவில் உப்பு சர்க்கரைத் தண்ணீரைப் பற்றிக் கேட்டதாகவும், அதிலிருந்து தெருவில் எந்தக் குழந்தைக்கு வயிறு போனாலும் கரைத்து எடுத்துக்கொண்டு ஓடியதாகவும், “உப்புத்தண்ணி அம்மா” என்று கேலி செய்தார்கள் என்றும் எழுதியிருக்கிறீர்கள். அதற்குமேல் ஒரு வார்த்தை இல்லை. ஏன் ஓடினீர்கள் என்று அந்தத் தெருவில் யாருக்கும் தெரிந்திருக்காது. எத்தனை குழந்தைகள் அந்தத் தண்ணீரைக் குடித்துப் பிழைத்தார்கள் என்பதற்குக் கணக்கு கிடையாது. அவர்களில் சிலருக்கு இன்று நாற்பது வயது இருக்கும். பேத்தி கேட்டது இதைத்தான். பத்தில் முதல் இடத்தில் இதை எழுத வேண்டும் என்பது என் கருத்து. (படிக்கும் மற்றவர்களுக்கு: இன்று தண்ணீரில் கரைத்துக் கொடுக்கும் உப்பு சர்க்கரைத் தூளான ஓ.ஆர்.எஸ். பொட்டலம் எல்லா ஆரம்ப சுகாதார நிலையத்திலும் கிடைக்கிறது, அதையே பயன்படுத்துங்கள்.)

யாரிடம், எப்போது சொல்வது

விழா மேடையிலோ வீடியோவிலோ முதல் தடவையாக இது வெளிவரக் கூடாது. பிள்ளைகள், சம்பந்திகள், போட்டோகிராபர் எல்லோரும் இருக்கும் இடத்தில் இப்படி ஒரு செய்தியைக் கேட்பவர்களுக்கு அழக்கூட இடம் இருக்காது. பேத்தியிடமும் முதலில் சொல்ல வேண்டாம். அவள் நல்ல பெண் என்று தெரிகிறது, ஆனால் பெற்றவர்களுக்கே தெரியாத ஒன்றைச் சுமக்கும் வயதில்லை அவளுக்கு.

முதலில் கணவரிடம். “அவர் மறந்தே போய்விட்டார்” என்று எழுதியிருக்கிறீர்கள். எனக்கு அப்படித் தோன்றவில்லை. அந்தக் குழந்தையைத் தூக்கிக்கொண்டு போன கைகள் அவருடையவை. அந்தக் காலத்து ஆண்களுக்கு அழவும் பேசவும் யாரும் இடம் கொடுக்கவில்லை. பேச்செடுத்தால் உங்களுக்கு வலிக்குமே என்று அவர் வாயை மூடிக்கொண்டிருக்கலாம், நீங்கள் அவருக்காக மூடிக்கொண்டது போல. என்னிடம் வரும் வயதான தம்பதிகளிடம் இதை நிறையப் பார்க்கிறேன். இன்னொரு விஷயம், எங்கே அடக்கம் செய்தார்கள் என்பது இன்று அவர் ஒருவருக்குத்தான் தெரியும். அவருக்கு எண்பது. இதைத் தள்ளிப்போடாதீர்கள் என்று நான் சொல்வதற்கு முக்கியமான காரணம் அது.

இதயம் தாங்குமா என்ற பயம் புரிகிறது. அவருக்கு நெஞ்சுவலி இல்லாமல், மாத்திரைகள் ஒழுங்காகப் போய்க்கொண்டு, உடம்பு சீராக இருக்கிறது என்றால், துக்கத்தைப் பற்றி மனைவி அமைதியாகப் பேசுவது ஆபத்தில்லை. அடுத்த செக்கப்பில் அவருடைய டாக்டரிடம் ஒரு வார்த்தை கேட்டுக்கொண்டால் உங்களுக்கும் தைரியமாக இருக்கும். இரவில் வேண்டாம், சமையல் முடிந்து வீடு ஓய்ந்திருக்கும் ஒரு காலை வேளை நல்லது. “நம்ம பெரிய பொண்ண நினைச்சுக்கிட்டே இருக்கேன். எங்க வச்சீங்கன்னு சொல்றீங்களா?” என்று கேட்டாலே போதும். அவர் எழுந்து போய்விட்டால் விட்டுவிடுங்கள். சில நாள் கழித்து அவரே வரலாம். வரவில்லை என்றால் இன்னொரு முறை கேளுங்கள், அதற்குமேல் வற்புறுத்த வேண்டாம். இடத்தைச் சொன்னாலும் அங்கே இப்போது வீடுகளோ ரோடோ வந்திருக்கலாம். அதற்கும் மனதைத் தயார் செய்துகொள்ளுங்கள்.

அவர் சம்மதித்தால் பிள்ளைகள் மூவரையும் விழாவுக்குச் சில வாரம் முன்பே உட்கார வைத்துச் சொல்லுங்கள். பெரிய மகன் ஐம்பது வருடமாகத் தன்னை மூத்தவன் என்று நினைத்துக்கொண்டிருப்பவர், “ஏன் எங்ககிட்ட சொல்லல?” என்று கோபப்படலாம். அந்தக் கோபத்துக்குப் பதில் சொல்லித் தீர்க்க வேண்டிய அவசியம் இல்லை, கொஞ்ச நாளில் அடங்கும். மகள் அழுவாள் என்று நினைக்கிறேன். “டிவியப் பாரு” என்றவளுக்கு அம்மா எதை நினைத்து அழுகிறாள் என்று தெரியாதே.

சுப காரியத்துக்குக் குறை வருமா என்பதற்கு நான் புரோகிதர் இல்லை. உங்கள் வீட்டு வழக்கத்தை அவரிடம் கேளுங்கள். எனக்குத் தெரிந்ததைச் சொல்கிறேன். சின்ன வயதில் இறந்த பெண் பிள்ளையைக் கன்னி என்று வைத்து, கல்யாணம் போன்ற காரியங்களுக்கு முன்பு பாவாடை சட்டை, வளையல், பூ வைத்துப் படைத்துக் கும்பிடுவது தமிழ்நாட்டில் பல பகுதிகளில், பல சமூகங்களில் இருக்கிறது. அவளைக் கூப்பிடாமல் செய்தால்தான் குறை என்று நினைக்கும் குடும்பங்கள் அவை. திருக்கடையூருக்குக் கிளம்புவதற்கு முன் வீட்டில் அப்படி ஒரு சிறு படையல் வைத்துக்கொள்ள உங்கள் கணவருக்கு இஷ்டம் இருந்தால், அதற்கு யாருடைய அனுமதியும் தேவைப்படாது.

அவள் பிறந்ததற்கு ஒரு காகிதம்கூட இல்லையே என்று எழுதியிருந்தீர்கள். பிறப்பு இறப்புப் பதிவுச் சட்டம் 1969-இலேயே வந்துவிட்டது. அன்று கிராமங்களில் மணியக்காரர் எழுதிய பதிவேட்டில் பெயரில்லாமல் “பெண் குழந்தை” என்று ஒரு வரி இருக்கக்கூடும். நகல் கேட்டு விண்ணப்பிக்க உங்களுக்கு உரிமை உண்டு. பிள்ளைகளில் ஒருவரைத் தேடச் சொல்லுங்கள். வீட்டில் நடந்த பிரசவங்கள் பல பதிவாகாமலே போயின, அதனால் கிடைக்காமல் போகவும் வாய்ப்பு அதிகம்.

மாத்திரையும் மருத்துவரும்

நினைவு வந்து அழுவதும், அழுது முடித்து எழுந்து காபி போடுவதும் துக்கம். அதற்கு மருந்து தேவையில்லை. ஆனால் இரண்டு வாரத்துக்கு மேல் அநேகமாக எல்லா நாளும் மனம் கனத்தே இருப்பது, பேரனைப் பார்த்தும் சந்தோஷம் வராமல் போவது, சாப்பாடு இறங்காமல் எடை குறைவது, விடியற்காலை மூன்று மணிக்கே விழித்து அப்புறம் தூங்க முடியாமல் ஒரே நினைவில் சுழல்வது, காரணம் தெரியாத உடம்பு வலி, “நான் இருந்து என்ன” என்ற எண்ணம், இவை மனச்சோர்வு நோயின் அறிகுறிகள். வயதானால் இப்படித்தான் இருக்கும் என்று விட்டுவிடக் கூடாது. முதுமையிலும் நன்றாகக் குணமாகும் நோய் இது. கடிதத்தை மட்டும் வைத்து உங்களுக்கு அது இருக்கிறதா என்று என்னால் சொல்ல முடியாது. தூக்கம் கெட்டு ஒரு மாதத்துக்கு மேல் ஆகிறது என்பதால், ஒரு தடவை நேரில் காட்டிக்கொள்வது நல்லது என்றே சொல்வேன்.

மனநல மருத்துவரிடம் போனால் பிள்ளைகளுக்கு எல்லாம் தெரிந்துவிடும் என்று தயங்குகிறீர்கள். 2017-ஆம் ஆண்டு மனநலப் பராமரிப்புச் சட்டப்படி நீங்கள் சொல்வதை ரகசியமாக வைத்திருப்பது மருத்துவரின் கடமை. உயிருக்கு ஆபத்து போன்ற சில நிலைமைகள் தவிர, மகனிடமும்கூட உங்கள் சம்மதம் இல்லாமல் சொல்லக் கூடாது. தனியாகப் பேச வேண்டும் என்று நீங்கள் கேட்கலாம். மாவட்ட அரசு மருத்துவமனையில் மனநலப் பிரிவு இருக்கிறது. வீட்டிலிருந்தே பேச அரசின் மனநல உதவி எண்ணான டெலி மனஸ் 14416, முதியோருக்கான உதவி எண் 14567. இரண்டிலும் தமிழில் பேசலாம், கட்டணம் இல்லை. எப்போதாவது உயிரை விட்டுவிடலாம் என்று தோன்றினால், மறுநாள் பார்த்துக்கொள்ளலாம் என்று இருக்காமல் அப்போதே வீட்டில் ஒருவரை எழுப்பிச் சொல்லுங்கள்.

தூக்க மாத்திரை உங்கள் மகன் பாசத்தில் செய்தது, ஆனால் தவறு. பெரும்பாலான தூக்க மாத்திரைகளை மருத்துவர் சீட்டு இல்லாமல் விற்கவே கூடாது. 70 வயதுக்கு மேல் அவை உடம்பில் நீண்ட நேரம் தங்கும். தள்ளாட்டம், காலைக் குழப்பம், விழுந்து எலும்பு முறிவது எல்லாம் நடக்கும். கண்ணாடியை வைத்த இடம் மறந்ததில்கூட அதன் பங்கு இருக்கலாம். நீங்கள் நாலைந்து நாள்தான் போட்டிருக்கிறீர்கள் என்பதால் நிறுத்திவிடலாம். மாதக்கணக்கில் போடுபவர்கள் இதைப் படித்துவிட்டு ஒரே நாளில் நிறுத்தக் கூடாது. மருத்துவர் சொல்படி கொஞ்சம் கொஞ்சமாகத்தான் குறைக்க வேண்டும்.

மகன் வாங்கி வந்தது எந்த மாத்திரை என்று நீங்கள் எழுதவில்லை. மருத்துவரைப் பார்க்கப் போகும்போது அந்த அட்டையையும், நீங்கள் சாப்பிடும் மற்ற மருந்துகள் எல்லாவற்றையும் ஒரு பையில் போட்டு எடுத்துக்கொண்டு போங்கள்.